பழைய ஃபோர் வீல் டிரைவ்: ஐட்லிங்கில் ஸ்டீயரிங் கனம், பம்ப் முனகல் – கோளாறு பம்பிலா, பாக்ஸிலா?

கல்லுமேடு:

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1990-களில் வந்த பெட்ரோல் ஃபோர் வீல் டிரைவ். முன்பக்கம் முழு ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். ஸ்டீயரிங்கில் ரேக் கிடையாது, பாக்ஸ்தான் (ஸ்டீயரிங் கியர் பாக்ஸ்). பம்ப் வி-பெல்ட்டில் ஓடுது. ஆயில் டப்பா பம்பிலிருந்து தனியா மேலே இருக்கு, ஹோஸ் வழியா பம்புக்கு இறங்குது. கம்பெனி டயர் 31 இன்ச், இப்ப 33 இன்ச். ரிம்மும் கொஞ்சம் வெளியே தள்ளி நிக்கிற ஆஃப்செட்.

காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் பம்பிலிருந்து முனகல் வருது. ஸ்டீயரிங்கைத் திருப்பினா அந்தச் சத்தம் ஏறுது. எஞ்சின் சூடாக ஆக கொஞ்சம் குறையுது, ஆனா முழுசா போகலை.

எஞ்சின் சூடான பிறகு நின்ன இடத்தில் ஐட்லிங்கில் திருப்பினா கனம். லேசா ரேஸ் கொடுத்தா இலகுவாகிடுது. பாறைப் பாதையில் லோ கியரில் ஊர்ந்துட்டு வந்தா இன்னும் மோசம், ஐட்லிங்கில் ரெண்டு கையும் போட்டு இழுக்கணும்.

டப்பா மூடியைத் திறந்தா ஆயிலில் நுரை. மட்டமும் குறைஞ்சுக்கிட்டே வருது, ஆனா பாக்ஸ், பம்ப், ஹோஸ் எங்கேயும் ஒழுகல் தெரியலை, தரையிலும் சொட்டு இல்லை.

இது போக, நேரா போகும்போது ஸ்டீயரிங்கில் ப்ளே, அதாவது சக்கரம் திரும்பாம ஸ்டீயரிங் மட்டும் ஆடற வெற்று ஆட்டம். விளிம்பில் அளந்தா 50 மி.மீ. கிட்ட வருது.

ஒருத்தர் பம்ப் போச்சுங்கறார், இன்னொருத்தர் பாக்ஸை இறக்கி ஓவர்ஹால் பண்ணணும்ங்கறார். எதையும் வாங்கறதுக்கு முன்னாடி எது கெட்டுப் போயிருக்குன்னு உறுதியா தெரிஞ்சுக்க வழி சொல்லுங்க.

ஸ்பேனர்செட்:

நீங்க எழுதினதுல ரெண்டு மூணு கோளாறு ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்கார்ந்திருக்கு. நுரையும் காலை முனகலும் ஒரு சங்கதி, காத்து. சூடான பிறகு ஐட்லிங்கில் கனம் வேற சங்கதி. ப்ளே முழுக்க முழுக்க மெக்கானிக்கல், அதுக்கும் ஹைட்ராலிக்குக்கும் அநேகமா சம்பந்தமே இருக்காது. முதல்ல காத்தைத் துரத்துங்க. ஆயிலில் காத்து இருக்கற வரைக்கும் மத்த எந்தச் சோதனையும் பொய்தான் சொல்லும்.

காத்து இருக்குன்னு உறுதிப்படுத்திக்க: ஆயில் சூடாகட்டும், எஞ்சின் ஐட்லிங்கில், சக்கரம் நேரா இருக்கட்டும். டப்பாவில் மட்டம் எங்கே நிக்குதுன்னு குறிச்சுக்கங்க. எஞ்சினை ஆஃப் பண்ணிட்டு மறுபடி பாருங்க. மட்டம் 5 மி.மீ.க்கு மேல ஏறினா உள்ளே காத்து இருக்கு. பம்ப் அழுத்தும்போது சுருங்கின குமிழெல்லாம் ஆஃப் பண்ணினதும் விரியுது, அதான் ஏறுது.

ஒழுகல் இல்லாம காத்து எப்படிப் போகும்னு கேட்பீங்க. டப்பாவிலிருந்து பம்புக்கு வர்ற ஹோஸ் உறிஞ்சற பக்கம். அங்கே பிரஷர் கிடையாது, வெற்றிடம்தான். கிளாம்ப் லூஸா இருந்தாலோ, ரப்பர் காய்ஞ்சு கெட்டியாகி நிப்பிள்ல பிடிக்காம இருந்தாலோ, ஆயில் வெளியே வராது, காத்து உள்ளே போகும். காலைக் குளிரில் ஆயில் கெட்டியா இருக்கும், பம்ப் பலமா உறிஞ்சும், அதனாலதான் அப்ப சத்தம் ஜாஸ்தி. பம்ப் ஷாஃப்ட் ஆயில் சீலும் இதே வேலையைச் செய்யும். சீலின் உதடு ஆயிலை உள்ளே நிறுத்தத்தான் வடிவமைச்சது. தேய்ஞ்சா வெளியே சொட்டு கூட விடாம உள்ளே காத்தை மட்டும் விடும்.

கண்டுபிடிக்க சுலப வழி: எஞ்சின் முனகிக்கிட்டிருக்கும்போது ஒரு சின்ன பிரஷ்ஷில் அதே ஸ்டீயரிங் ஆயிலைத் தொட்டு, உறிஞ்சற ஹோஸின் ரெண்டு முனையிலும் கிளாம்பைச் சுத்தி தாராளமா பூசுங்க. பெல்ட், ஃபேன் பக்கம் கையும் சட்டை நுனியும் போகாம பார்த்துக்கங்க. சத்தம் ஒரு நொடி மாறினா அந்த முனைதான் திருடன். ஹோஸை மாத்தும்போது ஆயிலுக்குன்னே வர்ற ஹோஸா பார்த்து வாங்குங்க. ஹீட்டர் ஹோஸ் வெளியே நல்லாத்தான் இருக்கும், உள்ளே ஊறிப்போய் உறிஞ்சும்போது தட்டையாயிடும்.

டப்பா அடியில் வலை இருக்கான்னும் பாருங்க. நிறைய வண்டியில் சின்ன சல்லடை ஒண்ணு டப்பாவோடவே ஒட்டி இருக்கும், சிலதுல தனி ஃபில்டர். அது அடைச்சுக்கிட்டா பம்புக்கு ஆயில் பத்தாது, அதே முனகல், அதே நுரை. பம்பை மாத்தியும் சத்தம் போகலைன்னு சொல்றவங்கள்ல பாதிப் பேர் வண்டியில் இந்த வலையை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க.

சரி பண்ணின பிறகு காத்து எடுக்கறது: முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்க, ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க. டப்பாவில் கோல்டு (குளிர்ந்த நிலை) மார்க் வரைக்கும் ஆயில். எஞ்சின் ஆஃப்லேயே ஸ்டீயரிங்கை இந்த லாக்கிலிருந்து (முழுக்கத் திரும்பி முட்டி நிக்கிற இடம்) அந்த லாக் வரை மெதுவா 15–20 தடவை திருப்புங்க, நடுநடுவே மட்டம் பார்த்து ஊத்துங்க. டப்பா ஒரு தடவை காலியானாலும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். குமிழ் வர்றது நின்னதும் ஸ்டார்ட் பண்ணி ஐட்லிங்கில் ரெண்டு மூணு தடவை திருப்புங்க, லாக்கில் போய்ப் பிடிச்சுக்கிட்டு நிக்காதீங்க. ஆயில் பால் மாதிரி வெளுத்தா ஆஃப் பண்ணி ஒரு மணி நேரமாவது விட்டுடுங்க. நுரையோட ஓட்ட ஓட்ட பம்ப் குமிழை இன்னும் பொடியாக்கும், அப்புறம் சீக்கிரம் வெளியே வராது.

பெல்ட்டையும் ஒரு பார்வை பார்த்துடுங்க. லாக்கில் கீச்னு கத்தினா பெல்ட், உறுமினா ஆயில் பக்கம். நீளமான இடைவெளியில் 10 கிலோ அழுத்தத்துக்கு 10 மி.மீ. சுமார் அமுங்கணும். ஓரம் கண்ணாடி மாதிரி பளபளன்னு இருந்தா இறுக்கிப் பிரயோஜனமில்லை, மாத்துங்க.

ஈரமண்:

ஒழுகல் இல்லாமல் ஆயில் குறைகிறது என்றால் அது எஞ்சினுக்குள் போகிறது. வேறு இடம் கிடையாது. வழி இரண்டு.

பழைய பெட்ரோல் வண்டிகள் பலவற்றில் பம்பிலேயே ஒரு சின்ன ஏர் வால்வு இருக்கும், அதிலிருந்து இரண்டு மெல்லிய வாக்கும் (வெற்றிட) ஹோஸ் இன்டேக் பக்கம், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் மேனிஃபோல்டு பக்கம், போகும். லாக்கில் பிரஷர் ஏறும்போது ஐட்லிங் விழாமல் இருக்க எஞ்சினுக்குக் கூடுதல் காற்று விடுவது அதன் வேலை. உள்ளே சீல் தேய்ந்தால் காற்றோடு ஆயிலும் சேர்ந்து மேனிஃபோல்டுக்குப் போய் எரிந்துவிடும். இரண்டு ஹோஸையும் பம்ப் முனையில் கழற்றுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் விடை கிடைத்துவிட்டது. ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால் அதுவும் இதன் அடையாளம். தற்காலிகமாக மேனிஃபோல்டு பக்கத் துவாரத்தை ரப்பர் மூடி போட்டு அடைத்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். லாக்கில் ஐட்லிங் கொஞ்சம் இறங்கும், அவ்வளவுதான். ஆனால் வால்வே ஒழுகுவதால் பம்ப் பக்க நிப்பிளையும் மூடி வையுங்கள், இல்லையென்றால் எஞ்சின் அறை முழுக்க ஆயில்.

இரண்டாவது வழி உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிப்பவர்களுக்கு உதவும். 80 சீரிஸ் லேண்ட் குரூசர் மாதிரி பம்ப் பெல்ட்டில் ஓடாமல் எஞ்சின் கியரில் ஓடும் வண்டிகளில், ஷாஃப்ட் சீல் போனால் ஸ்டீயரிங் ஆயில் நேராக டைமிங் கவருக்குள் இறங்கி எஞ்சின் ஆயிலோடு கலக்கும். டிப் ஸ்டிக்கில் மட்டம் ஏறும். வெளியே ஒரு சொட்டும் தெரியாது.

ஒரு எச்சரிக்கை. ஒழுகலைத் தேடும்போது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தால் பிரஷர் ஹோஸ் பக்கம் கையால் தடவாதீர்கள். ஊசித் துளையிலிருந்து வரும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரிக் கேஸ். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள்.

நீங்கள் ஆற்றில், சேற்றில் இறக்குகிறவர் என்றால் வெளுத்த ஆயில் காற்றா, தண்ணீரா என்றும் பார்க்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து இரவு முழுக்க வைத்தால் காற்று போய் ஆயில் தெளிந்துவிடும், தண்ணீர் கலந்திருந்தால் தெளியாது. சூடான இரும்புத் தகட்டில் ஒரு துளி விட்டால் தண்ணீர் உள்ள ஆயில் படபடவென்று வெடிக்கும். தண்ணீர் இருந்தால் முழு ஆயிலையும் மாற்றியே ஆக வேண்டும்.

கல்லுமேடு:

ரெண்டு பேருக்கும் நன்றி. பார்த்தாச்சு.

மட்டச் சோதனையில் 12 மி.மீ. ஏறுது. பிரஷ் வச்சுப் பார்த்ததுல டப்பா பக்க முனையில் சத்தம் மாறுச்சு. ஹோஸைக் கழட்டினா உள் ரப்பர் உரிஞ்சு தொங்குது, டப்பா வலையில் கறுப்புத் துகள் படிஞ்சு பாதி அடைப்பு. வாக்கும் ஹோஸ் ரெண்டுலேயும் சிவப்பு ஆயில். ஹோஸ், கிளாம்ப், ஏர் வால்வு மூணும் மாத்தி, வலையைக் கழுவி, சொன்ன மாதிரி காத்து எடுத்தாச்சு. நுரை இல்லை, முனகல் போச்சு, மட்டம் அப்படியே நிக்குது. ஆன் பண்ணி ஆஃப் பண்ணினா இப்ப வித்தியாசம் 2 மி.மீ.தான். பெல்ட் புதுசு, இறுக்கம் சரி.

ஆனா சூடான பிறகு ஐட்லிங்கில் கனம் அப்படியே இருக்கு. ப்ளேயும் அப்படியே.

வேன்பம்ப்:

இப்பதான் பிரஷர் கேஜ் போட அர்த்தம் இருக்கு. பம்பா பாக்ஸா என்ற கேள்விக்கு கேஜ் ஒன்றுதான் நேரடி பதில் தரும், மற்றதெல்லாம் ஊகம்.

தேவை: 150 பார் (பிரஷர் அலகு) வரை காட்டும் கேஜ், அதற்கு அடுத்து ஒரு மூடும் வால்வு, இரண்டு பக்கமும் உங்கள் பிரஷர் லைனுக்குப் பொருந்தும் ஃபிட்டிங். வரிசை முக்கியம்: பம்ப், கேஜ், வால்வு, பாக்ஸ். வால்வு கேஜுக்கு முன்னால் வந்துவிட்டால் மூடும்போது கேஜ் எதையும் காட்டாது. பாஞ்சோ ஃபிட்டிங் (துளையுள்ள போல்ட்டால் இறுக்கும் வகை) என்றால் செம்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போடுங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன் வால்வு முழுக்கத் திறந்திருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள்.

காற்று எடுத்துவிட்டு, திருப்பித் திருப்பி ஆயிலை 75–80 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். குளிர்ந்த ஆயிலில் எடுக்கும் எண் உங்கள் கோளாறை மறைத்துவிடும், ஏனென்றால் உங்களுக்குத் தொந்தரவே சூட்டில்தான்.

வால்வு திறந்து, சக்கரம் நேராக, ஐட்லிங்: கேஜ் பொதுவாக 3.5 முதல் 5.5 பார் வரை காட்டும். 7 பாரைத் தாண்டினால் ரிட்டர்ன் வழியில் எங்கோ அடைப்பு, நசுங்கின ஹோஸ் அல்லது உள்ளே உரிந்த ரப்பர். உங்கள் உறிஞ்சும் ஹோஸ் உரிந்திருந்தது என்பதால் ரிட்டர்ன் ஹோஸையும் சந்தேகப்படுங்கள், இரண்டுக்கும் ஒரே வயது.

இப்போது ஐட்லிங்கில் வால்வை முழுக்க மூடுங்கள், எண்ணைப் படித்ததும் திறங்கள். 5 நொடிக்கு மேல் மூடி வைக்கக் கூடாது. மூடியபடி விட்டால் அத்தனை ஆயிலும் பம்புக்குள்ளேயே சுற்றி வறுபட்டு பம்பே போகும். இதை மூன்று முறை செய்து மூன்று எண்ணையும் எழுதுங்கள். பழைய பாக்ஸ் வண்டிகளில் அதிகபட்சம் 75-லிருந்து 105 பார் வரை வண்டிக்கு வண்டி மாறும், உங்கள் ஒர்க்ஷாப் மேனுவல் சொல்வதே கணக்கு.

அடுத்து வால்வு திறந்த நிலையில் 1,000 ஆர்பிஎம்மிலும் 3,000 ஆர்பிஎம்மிலும் எண்ணை எடுங்கள். வித்தியாசம் 5 பாருக்குள் இருக்க வேண்டும். கடைசியாக வால்வைத் திறந்து வைத்து ஸ்டீயரிங்கை லாக்கில் கொண்டுபோய் நிறுத்தி, 5 நொடிக்குள் எண்ணைப் படித்துவிட்டு விடுங்கள். இரண்டு பக்க லாக்கிலும்.

படிக்கும் முறை:

மூடியபோது பிரஷர் நன்றாக வந்து, லாக்கில் அதைவிடக் குறைந்தால் பாக்ஸுக்குள் கசிவு. பிஸ்டன் டெஃப்ளான் ரிங் அல்லது வால்வு பாடி ரிங். ஒரு பக்க லாக்கில் மட்டும் குறைந்தாலும் பாக்ஸ்தான்.

மூடியபோதே குறைவு, மூன்று எண்ணும் ஒன்றுபோல என்றால் பம்ப் தேய்மானம். மூன்று எண்ணும் 3–4 பாருக்கு மேல் முன்பின்னாக ஆடினால் பம்புக்குள் ஆயில் ஓட்டத்தை அளக்கும் ஃப்ளோ கன்ட்ரோல் வால்வு ஒட்டிக்கொள்கிறது. பம்பை மாற்ற வேண்டாம், அந்த வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தால் போதும் பல நேரம்.

எல்லா எண்ணும் சரியாக இருந்தும் கனம் இருந்தால் ஹைட்ராலிக்கை விட்டுவிட்டு முன் ஆக்ஸிலுக்குப் போங்கள்.

முன்ஆக்ஸில்:

கேஜ் கிடைக்கிற வரைக்கும் சும்மா இருக்காதீங்க ப்ரோ, ப்ளேயும் உராய்வும் பார்க்க கேஜ் வேண்டாம்.

முதல்ல டயர் காத்தை ரோட்டுக்கு உண்டான அளவுக்கு ஏத்துங்க. ஆஃப்ரோடுக்கு இறக்கின காத்தோட ஸ்டீயரிங் கனத்தை அளக்கவே கூடாது. 33 இன்ச்சும் வெளியே தள்ளின ரிம்மும் சேர்ந்தா கிங் பின்னுக்கும் (சக்கரம் இடது வலதா திரும்பற அச்சு) டயர் நடுவுக்கும் தூரம் கூடும், நின்ன இடத்தில் திருப்பும்போது டயர் சுழலாம தரையில் இழுபடும். கொஞ்சம் கனம் அதுலேயே வரும், எந்தப் பம்பாலேயும் அதைத் தீர்க்க முடியாது.

உராய்வு: முன்பக்கம் ஸ்டாண்டில். டிராக் லிங்கை (பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போற கம்பி) பிட்மேன் ஆர்மிலிருந்து (பாக்ஸுக்கு அடியில் ஆடற கை) பிரிச்சுடுங்க. இப்ப சக்கரத்தைப் பிடிச்சு லாக் டு லாக் கையால தள்ளுங்க. ஒரே சீரா நகரணும். நடுவுல பிடிச்சா கிங் பின் பேரிங்கில் பள்ளம் விழுந்திருக்கு. முழுக்கவே இறுக்கமா இருந்தா ஷிம் (பேரிங் இறுக்கத்தை அமைக்கற மெல்லிய தகடு) அதிகமா இறுகியிருக்கு இல்லை கிரீஸ் வறண்டிருக்கு. டிராக் லிங்க் பிரிஞ்சிருக்கும்போதே உள்ளே போய் எஞ்சின் ஆஃப்ல ஸ்டீயரிங்கை மட்டும் திருப்புங்க. ஒரு சுத்துக்கு ரெண்டு தடவை இறுகி இளகினா ஸ்டீயரிங் காலம் அடியில் இருக்கற யூனிவர்சல் ஜாயின்ட் துருப்பிடிச்சிருக்கு. தண்ணியில இறங்கின வண்டிக்கு இது சகஜம். திருப்பத்துக்கு அப்புறம் ஸ்டீயரிங் தானா நடுவுக்குத் திரும்பலைன்னாலும் இதையெல்லாம்தான் முதல்ல பார்க்கணும்.

ப்ளே: எல்லாம் மாட்டி, வண்டி தரையில், எஞ்சின் ஐட்லிங்கில். ஒருத்தர் உள்ளே உட்கார்ந்து இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கால் சுத்து வேகமா ஆட்டட்டும். நீங்க கீழே படுத்து ஒவ்வொரு ஜாயின்ட்டா கையை வச்சுப் பாருங்க, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துட்டு. பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் ஆடினதும் பிட்மேன் ஆர்ம் ஆடுதா? ஆடலைன்னா ப்ளே பாக்ஸுக்குள்ள. பிட்மேன் ஆடி டிராக் லிங்க் ஆடலைன்னா பால் ஜாயின்ட். இப்படியே டை ராட் எண்ட் (ரெண்டு சக்கரத்தையும் இணைக்கற கம்பியின் முனை) வரைக்கும். அப்புறம் எல்லாரும் விட்டுடற ரெண்டு இடம்: பேன்ஹார்டு ராட் புஷ், பாக்ஸ் சேசிஸில் உட்கார்ற இடம். காயில் ஸ்பிரிங் ஆக்ஸிலைப் பக்கவாட்டில் பிடிக்கறது பேன்ஹார்டு ராட்தான். புஷ் போனா ஸ்டீயரிங் ஆட்டும்போது சக்கரம் திரும்பறதுக்கு முன்னாடி ஆக்ஸிலே நகரும். பாக்ஸ் போல்ட் லூஸானாலும் பாக்ஸ் முழுசா அசையும். பெரிய டயர் போட்ட வண்டியில் அந்த இடத்தில் சேசிஸ் விரிசல் விடும், பெயின்ட் மேல துருக் கோடு மாதிரி தெரியும். கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சுப் பார்த்தாத்தான் தெரியும். விரிசல் தெரிஞ்சா வண்டியை ஓட்டாதீங்க.

பாக்ஸ் மேல இருக்கற ஸ்க்ரூவை இறுக்கிடலாம்னு யாராவது சொல்வாங்க. மத்த எல்லாம் பார்த்த பிறகுதான் அது. டிராக் லிங்க் பிரிச்சு, பாக்ஸ் சரியா நடுவுல இருக்கணும். லாக் நட்டைத் தளர்த்தி அரைக்கால் சுத்து, அதாவது எட்டில் ஒரு பங்கு, இறுக்கிப் பாருங்க. பாக்ஸின் பல்லு நடுவுல மட்டும் லேசா இறுக்கமா வர்ற மாதிரி வெட்டினது. லாக் பக்கம் திருப்பி வச்சுட்டு இறுக்கினா நடுவுக்கு வரும்போது பல்லு ஒண்ணை ஒண்ணு தின்னும். பல மேனுவல்ல விளிம்பில் 30–40 மி.மீ. வரை அனுமதி உண்டு, ப்ளேயை பூஜ்யமாக்கப் பார்க்காதீங்க.

கல்லுமேடு:

ப்ளே விஷயம் தெரிஞ்சுடுச்சு. பேன்ஹார்டு ராடின் ஆக்ஸில் பக்க புஷ் ஓவலாகிப் போயிருக்கு, பாக்ஸின் ஒரு போல்ட் கால் சுத்து லூஸ். விரிசல் இல்லை. ரெண்டும் சரி பண்ணின பிறகு விளிம்பில் 25 மி.மீ. பாக்ஸ் ஸ்க்ரூவைத் தொடலை. டிராக் லிங்க் பிரிச்சுத் தள்ளினா சக்கரம் சீரா நகருது.

கேஜ் எண்கள், ஆயில் 78 டிகிரியில்:

திறந்து, நேரா, ஐட்லிங்: 5 பார்.
மூடி, ஐட்லிங்: 56, 58, 57.
மூடி, 1,500 ஆர்பிஎம்: 83.
திறந்து, 1,000-க்கும் 3,000-க்கும் வித்தியாசம்: 3 பார்.
இடது லாக், ஐட்லிங்: 56. வலது லாக்: 57.

ஆயில் குளிர்ந்திருக்கும்போது மூடி ஐட்லிங்கில் எடுத்தா 82. மேனுவல் சொல்றது குறைஞ்சது 80, சூடா, ஐட்லிங்கில். அண்ணே, இது பம்ப்தானே? ரிலீஃப் வால்வு (பிரஷர் எல்லை தாண்டினா திறக்கறது) ஸ்பிரிங் தளர்ந்திருக்க வாய்ப்பு உண்டா?

வேன்பம்ப்:

பம்ப்தான். ரிலீஃப் வால்வு இல்லை என்பதை உங்கள் 83 சொல்லிவிட்டது. ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் எவ்வளவு ரேஸ் கொடுத்தாலும் 57-க்குப் பக்கத்திலேயே திறந்துவிடும், மேலே ஏறாது. உங்களுக்கு வேகம் கூடினால் ஏறுகிறது, குளிரில் ஏறுகிறது. வேனுக்கும் (பம்புக்குள் சுற்றும் சின்னத் தகடு) கேம் ரிங்குக்கும் (அந்தத் தகடுகள் உரசி ஓடும் வளையம்) இடையே ஆயில் பின்வாங்குகிறது. வேகமாக ஓடும்போது கசிவதைவிட அதிகம் தள்ளுகிறது, கெட்டியான ஆயில் குறைவாகக் கசிகிறது. லாக் எண்கள் மூடிய எண்களோடு ஒத்துப்போவதால் பாக்ஸ் நன்றாக இருக்கிறது, அதை இறக்காதீர்கள்.

பெல்ட் மட்டும் ஒரு முறை சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எஞ்சின் ஆஃபில் இருக்கும்போது பெல்ட்டின் வெளிப் பக்கத்தை ஓரிடத்தில் அகலமாகச் சுண்ணாம்புக் கட்டியால் பூசி, வால்வை மூடும் அந்த நொடியில் வேறொருவர் பெல்ட்டையும் கப்பியையும் கவனிக்கட்டும். புது பெல்ட் என்பதால் வழுக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனாலும் புது பெல்ட் முதலில் கொஞ்சம் இளகும். கப்பிப் பள்ளம் அடியில் பளபளத்தால் பெல்ட் அடியில் உட்கார்கிறது, பக்கத்தில் பிடிக்கவில்லை.

பம்பைப் பிரித்தால் பார்க்க வேண்டியவை. கப்பி அழுத்திப் போட்டதாக இருந்தால் புல்லர் வேண்டும், சுத்தியல் வேண்டாம். ஷாஃப்டைத் தட்டினால் உள்ளே ரோட்டரும் (வேன்கள் செருகியிருக்கும் சுழல் பகுதி) பிரஷர் பிளேட்டும் அடி வாங்கும். பிரிப்பதற்கு முன் கேம் ரிங் எந்தப் பக்கம் வெளியே பார்க்கிறது என்று பெயின்ட்டில் குறியுங்கள்.

கேம் ரிங்கின் உள்வட்டத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். அலை அலையாகத் தட்டுப்பட்டால் சீல் கிட் போட்டுப் பயனில்லை, கேம் ரிங், ரோட்டர், வேன் மூன்றும் ஒரே செட்டாக வர வேண்டும். அது கிடைக்காவிட்டால் முழுப் பம்ப்தான். ரோட்டரிலும் கேம் ரிங்கிலும் ஒரு எண்ணோ எழுத்தோ பொறித்திருந்தால், அதே குறியுள்ள வேன்தான் பொருந்தும். வேனுக்கும் ரோட்டர் பள்ளத்துக்கும் இடைவெளி சுமார் 0.03 மி.மீ. வந்தாலே எல்லை. பிரஷர் பிளேட்டில் வட்டக் கீறல் ஆழமாக இருந்தாலும் அதே கதி.

ஃப்ளோ கன்ட்ரோல் வால்வை வெளியே எடுத்து ஆயில் தடவி மறுபடி துளையில் விடுங்கள். தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும். ஒட்டினால் மிக மெல்லிய எமரியில் ஆயிலோடு லேசாகத் தேய்க்கலாம், விளிம்பு மழுங்கக் கூடாது. அந்தக் கூர்மையான விளிம்புதான் ஆயிலை அளக்கிறது.

திரும்பப் பூட்டும்போது வேனின் உருண்டையான முனை வெளியே, கேம் ரிங் பக்கம். தட்டையான முனை ரோட்டருக்குள். மாற்றிப் போட்டால் முதல் சில நிமிடம் வேலை செய்யும், பிறகு கேம் ரிங்கைச் சுரண்டி எடுத்துவிடும். எல்லாவற்றிலும் ஆயில் தடவிப் பூட்டுங்கள், கிரீஸ் வேண்டாம். ஷாஃப்டின் பல்லில் மெல்லிய டேப் சுற்றிவிட்டுப் புது சீலை ஏற்றுங்கள், உதடு கிழியாது.

ஸ்பேனர்செட்:

பம்ப் இறங்கியிருக்கும்போதே பழைய ஆயிலையும் வெளியே எடுத்துடுங்க. தேய்ஞ்ச கேம் ரிங்கோட பொடி அதுல மிதக்குது, புதுப் பம்பையும் அது தின்னும். ரிட்டர்ன் ஹோஸை டப்பாவிலிருந்து கழட்டி ஒரு கேனுக்குள்ள விடுங்க, டப்பாவோட ரிட்டர்ன் நிப்பிளை மூடிடுங்க. புதுப் பம்ப் மாட்டின பிறகு, சக்கரம் தூக்கி, எஞ்சின் ஆஃப்லேயே லாக் டு லாக் திருப்பினா பாக்ஸில் இருக்கற பழசு வெளியே வரும். ஒருத்தர் திருப்ப, ஒருத்தர் ஊத்தணும். மொத்தக் கொள்ளளவு ஒரு லிட்டர் சுமார்தான், ஆனா 2 லிட்டர் கையில வச்சுக்கங்க, கேனில் விழறது தெளிவா வர்ற வரைக்கும் போகணும்.

ஆயில் எதுன்னு டப்பா மூடியையும் மேனுவலையும் பாருங்க. பழைய டொயோட்டா, லேண்ட் ரோவர் டிஃபெண்டர் எல்லாம் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்) கேட்கும், பழைய ஜீப்புகள் பலதும் தனி பவர் ஸ்டீயரிங் ஆயில் கேட்கும். அவசரத்துக்கு பிரேக் ஆயில் மட்டும் ஊத்திடாதீங்க. இந்த ரப்பருக்கும் அதுக்கும் ஆகாது, சீல் ஊதி உப்பிப் போய் பம்ப், பாக்ஸ், ஹோஸ் எல்லாமே செலவு. ஒழுகலை நிறுத்தற மருந்துன்னு பாட்டிலில் விக்கறதும் சீலை ஊத வைக்கற வேலைதான், கொஞ்ச நாள் நிக்கும், அப்புறம் சீல் மெத்துனு ஆகி முன்னைவிட மோசமா ஒழுகும்.

33 இன்ச் டயரோட பாறையில ஊர்ற வண்டிக்கு ஒரு கூலர் போட்டுக்கங்க. 10 மி.மீ. குழாய், துடுப்பு வச்சது, ரேடியேட்டருக்கு முன்னாடி காத்து படற இடத்தில். பாக்ஸிலிருந்து டப்பாவுக்குத் திரும்பி வர்ற லைனில்தான் போடணும், பிரஷர் லைனில் போட்டா முதல் லாக்கிலேயே வெடிக்கும். அந்த ரிட்டர்ன் லைனிலேயே ஒரு காந்த ஃபில்டர் போட்டா பாக்ஸில் மிச்சம் இருக்கற பொடியையும் பிடிச்சுக்கும். முதல் 500 கிலோமீட்டர்ல அதைத் திறந்து பாருங்க.

நக்கிள்ல (சக்கரத்தோட சேர்ந்து திரும்பற பகுதி) இருக்கற லாக் ஸ்டாப்பர் போல்ட்டும் பாருங்க. பாக்ஸ் உள்ளே முட்டறதுக்கு முன்னாடி அந்த போல்ட் ஆக்ஸிலில் முட்டணும். டயர் உரசுதுன்னு வெளியே வச்சிருந்தா பரவாயில்லை, உள்ளே தள்ளி வச்சிருந்தா ஒவ்வொரு லாக்கிலும் பாக்ஸ் உள்ளேயே முட்டி அடி வாங்கும்.

கல்லுமேடு:

கேம் ரிங்கில் அலை இருக்கு, நகத்தில் தட்டுது. வேன் செட் தனியா கிடைக்கலை, முழுப் பம்ப் வருது. புதுப் பம்பை மாட்டினதும் நேரா ஸ்டார்ட் பண்ணலாமா?

வேன்பம்ப்:

கூடாது. உலர்ந்து சுற்றினால் முதல் நிமிடத்திலேயே வேன் முனை போகும். மாட்டுவதற்கு முன் உறிஞ்சும் வாயில் ஆயில் ஊற்றி, அடுத்த வாயிலிருந்து ஆயில் வரும்வரை கப்பியைக் கையால் ஓடும் திசையில் சுற்றுங்கள். மாட்டியபின் டப்பாவை நிரப்பி அரை மணி நேரம் சும்மா விடுங்கள், ஆயில் தானாக இறங்கி இன்னும் கொஞ்சம் காற்று மேலே வரும். பிறகு ஸ்பேனர்செட் சொன்னபடி எஞ்சின் ஆஃபில் திருப்பி, பழைய ஆயில் வெளியே வந்ததும் ரிட்டர்னை மாட்டுங்கள். அதற்குப் பிறகு ஸ்டார்ட் செய்து 2–3 நொடியில் ஆஃப், மட்டம் பார்த்து ஊற்று, மறுபடி ஸ்டார்ட். மட்டம் இறங்குவது நின்றால்தான் தொடர்ந்து ஓட விடுங்கள். கேஜை இன்னும் கழற்ற வேண்டாம், ஆயில் 78 டிகிரிக்கு வந்ததும் மூடி ஐட்லிங்கில் மூன்று எண் எடுத்து இங்கே போடுங்கள். 80-க்குக் கீழே வந்தால் பம்பை அப்படியே திருப்பிக் கொடுக்கலாம்.